டார்கெட்டிங் பாட் காட்டும் தூரத்தில் கோளாறா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான விளையாட்டில் எஃப்-16சி, எஃப்/ஏ-18சி ஹார்னெட், ஏ-10சி ஓட்டுபவர்களுக்கு டார்கெட்டிங் பாடில் (இலக்கைக் கேமராவில் காட்டி லேசரால் தூரம் அளக்க விமானத்தில் மாட்டும் கருவி) தூரம் படிப்பதில் வரும் சிக்கல்கள் சிலவே. அந்தச் சிலதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே அவை அறிகுறி வாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கையருகே இருக்கும் காரணம் முதலில் வரும்; நேரமும் பணமும் தின்னும் காரணம் கடைசியில் வரும். ஃபால்கன் பிஎம்எஸ் என்ற இன்னொரு விமான விளையாட்டை ஓட்டுபவர்களுக்கும் எஃப்-16 பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் பொருந்தும். டார்கெட்டிங் பாடை இனி டிஜிபி என்றே சொல்வோம்.

எந்த அறிகுறிக்குப் போகும் முன்பும் ஒன்றை மனதில் வையுங்கள். டிஜிபி இரண்டு விதமாகத் தூரம் சொல்லும். லேசர் அடித்து அளந்து சொல்வது ஒன்று. லேசரே இல்லாமல், விமானத்தின் உயரத்தையும் டிஜிபி கீழே பார்க்கும் கோணத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வது இன்னொன்று. திரையில் இரண்டுமே எண்தான். அதனால் எண்ணைப் படிக்கும் முன் 'எல்' எழுத்தைப் பாருங்கள். எஃப்-16, ஏ-10சி இரண்டிலும் அந்த எழுத்து அசையாமல் நின்றால் லேசர் தயார். மின்னி மறைந்தால் லேசர் சுடுகிறது. எழுத்தே இல்லையென்றால் லேசர் தயாராகவே இல்லை. ஹார்னெட்டில் இதே வேலையை 'எல்டிடி/ஆர்' என்ற எழுத்துகள் செய்கின்றன. மின்னும்போது நிற்கும் எண் மட்டுமே அளந்த எண். மற்றதெல்லாம் ஊகம், நல்ல ஊகமாகவே இருந்தாலும்.

## முதலில் ஒரு சோதனை மிஷன்

சண்டைக்கு நடுவே பிழை தேடினால் எதுவும் பிடிபடாது. மிஷன் எடிட்டரில் ஒரு தனி மிஷன் போடுங்கள்: வானிலேயே தொடக்கம், மேகமில்லாத வானம், சமதரையில் நகராத ஒரு லாரி, லாரிக்கு மேல் 15,000 அடி உயரம், சுமார் 10 கடல் மைல் தொலைவு. ஒரு வேபாயிண்ட்டை (பறக்கும் பாதையில் குறிக்கும் புள்ளி) லாரியின் தலைக்கு நேராக வையுங்கள். அதன் உயரத்தைத் தரைக்கு மேல் 0 அடி என்று கொடுங்கள். இந்தக் கடைசி வரி ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

ஆக்டிவ் பாஸ் (விமானத்தை வானில் அப்படியே நிறுத்தி வைக்கும் வசதி) போட்டுக்கொண்டு சோதிக்க வேண்டாம். அந்த நிலையில் விமானம் ஓரிடத்தில் நின்றாலும் அதன் வேகம் பூஜ்யமாகக் கணக்கில் வருவதில்லை. டிஜிபி தரையைப் பிடித்து நிற்பது குழம்பி, குறி தானாக நழுவும். இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலைப் பொழுது போய்விடும். ஆட்டோபைலட்டில் நேராகப் பறக்கவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, எஃப்10 விசையில் திறக்கும் வரைபடத்தில் உள்ள அளவுகோல் போதும். ஆனால் அது தரைமேல் தூரத்தைச் சொல்லும், டிஜிபி லேசர் சாய்தூரத்தை, அதாவது விமானத்திலிருந்து இலக்குக்கு நேர்க்கோட்டில் உள்ள தூரத்தைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்காது.

## அறிகுறி 1: எண்ணே வரவில்லை

திரையில் படமும் இல்லை. எஃப்-16-இல் வலப்பக்க சென்சார் பவர் பேனலில் 'ரைட் ஹெச்டிபிடி' சுவிட்ச் போட்டிருக்கிறதா? ஏ-10சியில் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேனலில் 'டிஜிபி' சுவிட்ச். ஹார்னெட்டில் சென்சார் பேனலில் 'ஃப்ளிர்' சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். சுவிட்ச் போட்டவுடன் படம் வராது. கேமரா குளிர நேரம் வேண்டும். எஃப்-16, ஏ-10சி திரைகளில் 'நாட் டைம்டு அவுட்' என்று நின்றால் அது பிழைச் செய்தி இல்லை, பொறுத்திரு என்று அர்த்தம். தரையில் என்ஜின் போட்டதுமே இந்த சுவிட்சைப் போடும் பழக்கம் இருந்தால் இந்த அறிகுறியே வராது.

சுவிட்ச் சரி, காத்தும் பார்த்தாயிற்று என்றால், ஆயுதப் பட்டியலில் டிஜிபி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் வேறொருவர் செய்த மிஷனில் ஏறும்போது இது நடக்கும்.

படம் இருக்கிறது, தூரம் இல்லை. டிஜிபி பக்கம் 'ஸ்டாண்ட்பை'யில் நிற்கலாம்; 'ஏ-ஜி' நிலைக்கு மாற்றுங்கள். அடுத்தது, குறி தொடுவானத்துக்கு மேலே இருக்கலாம். பார்வைக்கோடு தரையைத் தொடாதவரை கணக்கிட ஒன்றுமில்லை. படத்தில் வெறும் வானமோ மூடுபனிபோல ஒரே நிறமோ தெரிந்தால், குறியைத் தரைக்கு இழுத்து மறுபடி பாருங்கள்.

## அறிகுறி 2: எண் இருக்கிறது, லேசர் சுடவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எண் தெரிவதால் லேசர் வேலை செய்கிறது என்று நம்பி, குண்டு விழுந்த பிறகுதான் சந்தேகம் வரும். 'எல்' மின்னவில்லையா? விமானத்தைப் பொறுத்துப் பிரியுங்கள்.

எஃப்-16சி

1. விமானம் வானில் இருக்கிறதா? சக்கரத்தில் எடை இருக்கும்வரை லேசர் சுடாது.
2. இடப்பக்க முன்பேனலில் (மிஸ்க் பேனல்) 'மாஸ்டர் ஆர்ம்' சுவிட்ச் 'ஆர்ம்' நிலையில் இருக்க வேண்டும்.
3. அதே பேனலில் 'லேசர் ஆர்ம்' சுவிட்ச். என்ஜின் ஓடும் நிலையில் மிஷன் தொடங்கினாலும் இது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். போட்டவுடன் டிஜிபி திரையில் 'எல்' வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் 2-க்குத் திரும்புங்கள்.
4. ட்ரிக்கரின் முதல் அழுத்தத்தைப் பிடித்தபடியே இருங்கள். தட்டிவிட்டால் போதாது.

நான்காவதில்தான் பலருக்கும் சிக்கல். நிஜ எஃப்-16 ட்ரிக்கருக்கு இரண்டு நிலைகள் உண்டு. மலிவான ஜாய்ஸ்டிக்கில் ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றை 'இரண்டாம் நிலை'க்கு மட்டும் ஒதுக்கியிருந்தால் முதல் அழுத்தம் விமானத்துக்குப் போகவே போகாது. கட்டுப்பாட்டு அமைப்புப் பக்கத்தில் 'கன் ட்ரிக்கர் – ஃபர்ஸ்ட் டிடென்ட்' என்ற வரியைத் தேடி, வேறு ஒரு பட்டனுக்குத் தனியாகக் கொடுங்கள். அதைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் வைப்பது நல்லது. லேசரைப் பிடித்துக்கொண்டே குறியை நகர்த்தவும் வேண்டியிருக்கும்.

எஃப்/ஏ-18சி ஹார்னெட்

மாஸ்டர் ஆர்ம் 'ஆர்ம்' நிலைக்கு வர வேண்டும். பிறகு சென்சார் பேனலில் 'எல்டிடி/ஆர்' சுவிட்ச். இது காந்தத்தால் பிடித்து நிற்கும் சுவிட்ச். தரையில் போட்டால் நிற்காமல் தானே திரும்பிவிடும். 'புறப்படும் முன்பே போட்டேன்' என்பவர்கள் வானில் ஏறியதும் மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து, ஃப்ளிர் பக்கத்தில் (ஹார்னெட்டில் டிஜிபி படம் வரும் திரை) 'ட்ரிக்' என்ற தேர்வு கட்டம் கட்டப்பட்டிருக்கிறதா? அது இல்லாமல் ட்ரிக்கரை இழுத்தால் லேசருக்கு அது தெரியாது. ட்ரிக்கரை இழுத்து, 'எல்டிடி/ஆர்' எழுத்துகள் மின்னுவதைப் பாருங்கள்.

ஏ-10சி

இங்கே லேசருக்கும் ட்ரிக்கருக்கும் சம்பந்தம் இல்லை. ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேனலில் லேசர் சுவிட்ச் 'ஆர்ம்' நிலையில் இருக்க வேண்டும் (மற்ற இரு நிலைகள் 'சேஃப்', 'ட்ரெய்ன்'). டிஜிபி திரை எஸ்ஓஐ ஆக இருக்க வேண்டும். அதாவது கட்டுப்பாடு அந்தத் திரையின் கையில் இருக்க வேண்டும். பிறகு நோஸ்வீல் ஸ்டீயரிங் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்ஓஐ ஹட்டிலோ (விமானிக்கு முன்னே உள்ள கண்ணாடித் திரை) வரைபடத்திலோ இருந்தால் அந்தப் பட்டன் லேசரைத் தொடாது. கைவலி வேண்டாமென்றால் டிஜிபியின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 'லாட்ச்' என்பதை இயக்குங்கள். ஒருமுறை அழுத்தினால் சுடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும்.

ஏ-10சி திரையில் 'எல்', 'பி' என இரண்டு எழுத்துகளில் எது நிற்கிறது என்றும் கவனியுங்கள். 'பி' என்பது அகச்சிவப்புச் சுட்டி. இரவுக் கண்ணாடியில் கோடாகத் தெரியும், தூரம் அளக்காது. இரண்டும் சேர்ந்த நிலையில் 'பி'க்குப் பதில் வேறொரு எழுத்து வரும். அதில் லேசரும் இருப்பதால் கவலையில்லை.

இன்னொரு கண்ணி: விளையாட்டு அமைப்பில் 'கேம் ஏவியானிக்ஸ் மோட்' இயங்கினால், ஏ-10சிக்குத் தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பட்டியல் பயன்பாட்டுக்கு வரும். 'சிம்' பட்டியலில் நீங்கள் ஒதுக்கிய பட்டன்கள் எதுவும் வேலை செய்யாது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

எல்லா விமானத்துக்கும்: மறைப்பு

மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்தும் சுடவில்லை என்றால், டிஜிபிக்கும் இலக்குக்கும் நடுவே உங்கள் விமானமே நிற்கலாம். எஃப்-16-இல் டிஜிபி காற்றுவாயின் வலப்பக்கம் தொங்குகிறது. இலக்கு இடப்பக்கம் இருந்தால் காற்றுவாயும் இடப்பக்கம் மாட்டிய டாங்கும் ஆயுதங்களும் பார்வையை அடைக்கும். ஹார்னெட்டில் இடக்கன்னத்தில் மாட்டியிருந்தால் இது தலைகீழ். ஏ-10சியில் எந்த இறக்கையில் மாட்டினீர்களோ அதற்கு ஏற்ப மாறும். அங்கே மறைப்பு வந்தால் திரையில் 'எம்' என்ற எழுத்து வரும். பார்வை அடைபட்டால் லேசர் சுடாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இலக்கை டிஜிபி இருக்கும் பக்கம் வைத்து வட்டமடியுங்கள். சாய்வைக் குறைத்துப் பாருங்கள். எழுத்து மறைந்தவுடன் சுட முயலுங்கள்.

இவை எல்லாம் பார்த்தும் சுடவில்லையென்றால், காக்பிட்டில் சுவிட்சை மவுஸால் இயக்கிப் பார்த்து, ஜாய்ஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையில் லேசரைச் சுடுங்கள். விசைப்பலகையில் சுட்டால் கோளாறு ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: லேசர் சுடுகிறது, எண் தாவுகிறது

எண் 9.4 என்று நின்று, அடுத்த நொடி 9.9, மறுபடி 9.4 என்று ஆடினால், லேசர் இரண்டு பொருள்களை மாறி மாறி அடிக்கிறது. கட்டிடத்தின் விளிம்பு, மேட்டின் முகடு, லாரியின் கூரைக்கோடு போன்ற இடங்களில் குறி நின்றால் ஒரு துடிப்பு பொருளில் பட்டுத் திரும்பும், அடுத்தது தாண்டிப் பின்னாலிருக்கும் தரையில் பட்டுத் திரும்பும். குறியைப் பொருளின் நடுவுக்கோ அடிப்பகுதிக்கோ இறக்குங்கள். எஃப்-16-இல் டிஎம்எஸ் (ஸ்டிக்கில் உள்ள நான்கு திசைச் சுவிட்ச்) மேலே தள்ளினால் 'பாயிண்ட்' பிடிப்பு வரும். லாரி போன்ற தனிப் பொருளுக்கு அதுவே நல்லது. டிஎம்எஸ் வலப்பக்கம் தள்ளினால் 'ஏரியா' பிடிப்பு. அது கட்டிடத்துக்கும் தரைக்கும் ஏற்றது.

பிடிப்பு உறுதியாக இருந்தும் எண் ஆடினால், கோணத்தைப் பாருங்கள். டிஜிபி எவ்வளவு தட்டையாகப் பார்க்கிறதோ, அவ்வளவுக்கு ஒரு சின்ன நழுவலும் பெரிய தூரமாகிவிடும். சமதரையில் 15 கடல் மைல் தூரத்தில், கீழ்நோக்குக் கோணம் 5 டிகிரி என்று வையுங்கள் (இலக்குக்கு மேல் கிட்டத்தட்ட 8,000 அடி). குறி மேலும் கீழுமாக 0.1 டிகிரி ஆடினால் தூரம் 0.3 கடல் மைல், அதாவது 550 மீட்டர் மாறும். அதே 0.1 டிகிரி ஆட்டம், 8 கடல் மைலில் 30 டிகிரி கோணத்தில் (சுமார் 24,000 அடி) 45 மீட்டர்தான். விமானத்திலும் டிஜிபியிலும் எந்தப் பழுதும் இல்லை, நீங்கள் நிற்கும் இடம்தான் சரியில்லை.

தீர்வு, உயரம் ஏறுவது அல்லது நெருங்குவது. இலக்குக்கு மேல் 15,000 அடியில் பறந்தால், சாய்தூரம் 9.5 கடல் மைலுக்கு வரும்போது கோணம் 15 டிகிரி, 7.2-க்கு வரும்போது 20 டிகிரி. 15 டிகிரிக்குக் கீழே எடுத்த எண்ணைப் பயன்படுத்தும் முன் இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

மேகமோ புகையோ நடுவில் வந்தாலும் எண் தாவும். டிஜிபி படத்தில் இலக்கு கண்ணுக்குத் தெரியாத நொடியில் வந்த எண்ணை எடுக்க வேண்டாம்.

## அறிகுறி 4: எண் நிலையாக இருக்கிறது, ஆனால் தப்பு

லேசர் மின்னுகிறதா இல்லையா என்பதே இங்கே பாதையைப் பிரிக்கும்.

லேசர் மின்னுகிறது, எண் எதிர்பார்த்ததைவிட அதிகம். பெரும்பாலும் இது பிழையே இல்லை. 20,000 அடி மேலே, தரைமேல் 5 கடல் மைல் தள்ளி இருந்தால் லேசர் சொல்வது 6. 30,000 அடி மேலே அதே 5 மைலுக்கு லேசர் சொல்வது 7. ஸ்டியர்பாயிண்ட் (எஃப்-16-இல் வேபாயிண்ட்டின் பெயர்) தூரத்தையோ எஃப்10 அளவுகோலையோ இதனுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் வந்தே தீரும். உயரத்தை 6,076-ஆல் வகுத்தால் கடல் மைல் கிடைக்கும். அதையும் தரைத்தூரத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சாய்தூரம். ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதன்பின் சந்தேகம் வராது.

லேசர் மின்னுகிறது, எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு அல்லது பாதி. அலகைப் பாருங்கள். 1 கடல் மைல் 1,852 மீட்டர். அமெரிக்க விமானங்கள் கடல் மைலிலும், சு-25டி, கா-50 போன்றவை கிலோமீட்டரிலும் பேசும். எஃப்10 வரைபடத்தின் அலகு வேறாக இருந்தால் ஒப்பீடு இப்படித்தான் கோணலாகும்.

லேசர் மின்னவில்லை, எண் அபத்தமாக இருக்கிறது. இங்கே முதல் சந்தேகம் வேபாயிண்ட்டின் உயரத்தின் மேல். மிஷன் எடிட்டரில் வேபாயிண்ட்டுக்கு 20,000 அடி என்று பறக்கும் உயரம் கொடுத்திருந்தால், விமானம் அந்த இலக்குப்புள்ளியே 20,000 அடியில் மிதப்பதாக எடுத்துக்கொள்ளும். டிஜிபி அந்தரத்தைப் பார்க்கும், தூரமும் அந்தரத்துக்கானதாக வரும். எஃப்-16-இல் ஐசிபியில் (ஹட்டுக்குக் கீழே உள்ள எண் பட்டன் பலகை) 4-ஐ அழுத்தினால் ஸ்டியர்பாயிண்ட் பக்கம் வரும். 'எலவ்' வரியில் இருப்பது இலக்கு நிற்கும் தரையின் உயரமா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே திருத்தலாம், அல்லது மிஷனில் தரைமேல் 0 அடி என்று மாற்றலாம்.

உயரம் கொஞ்சமே தப்பாக இருந்தாலும் விளைவு கொஞ்சமாக இருக்காது. தரை உயரத்தில் 500 அடி பிழை இருந்தால், 30 டிகிரி கோணத்தில் சாய்தூரம் 1,000 அடி தவறும். 10 டிகிரியில் ஏறக்குறைய 2,900 அடி. 5 டிகிரியில் 5,700 அடிக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு கடல் மைல். மலைப்பாங்கான வரைபடங்களில் லேசரில்லாத எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

பிழை எவ்வளவு என்று அறிய எளிய வழி உண்டு. லேசரில்லாத எண்ணைக் குறித்துக்கொண்டு, மூன்று விநாடி லேசர் சுடுங்கள். எண் எவ்வளவு தாவியதோ அதுவே உங்கள் பிழை. தாவவே இல்லை என்றால் உயரம் சரியாக இருக்கிறது. அல்லது அந்த மாட்யூலுக்கு (விளையாட்டில் வாங்கிய விமானம்) தரை உயரம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஏ-10சியில் தரைவடிவத் தரவுத்தளம் உண்டு; லேசர் இல்லாமலே அது நல்ல எண் தரும். ஆகவே 'எண் சரியாக இருக்கிறது, லேசர் வேலை செய்கிறது' என்ற முடிவுக்கு எண்ணை வைத்து வரவே கூடாது. எழுத்து மின்னினால்தான் லேசர்.

லேசர் எண் சரி, டிஜிபி பார்க்கும் இடம் தப்பு. லேசர் தூரத்துக்கும் வழிகாட்டிக் கருவிக்கும் சம்பந்தமில்லை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்தே அது அளக்கிறது. எனவே தூரம் சரியாகவும் இடம் தவறாகவும் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, குறி இழுப்பு. எஃப்-16-இல் டிஜிபியை ஒருமுறை இழுத்தால் அந்த இழுப்பு மற்ற ஸ்டியர்பாயிண்ட்டுகளுக்கும் தொற்றிக்கொள்ளும். திரையில் 'சிஇசட்' என்ற எழுத்துக்கு எதிரே உள்ள பட்டனை அழுத்தினால் இழுப்பு பூஜ்யமாகும். இந்த ஒரு பட்டன் தீர்க்கும் குழப்பங்களைப் பட்டியலிட்டால் தனி ஏடாகும். இரண்டாவது, ஐஎன்எஸ் (விமானம் தன் இடத்தைத் தானே கணக்கிடும் வழிகாட்டிக் கருவி) சீரமைப்பு. எஃப்-16-இல் முழுச் சீரமைப்புக்கு 8 நிமிடம், சேமித்த திசையை வைத்தால் 90 விநாடி. அது முடிவதற்குள் நகர்ந்தாலோ, முடிந்தபின் குமிழை 'நாவ்' நிலைக்குத் திருப்பாமல் ஓடினாலோ, இடம் தவறிக்கொண்டே போகும். வானில் இதைச் சரிசெய்யப் போராடுவதைவிட மிஷனை மறுபடி தொடங்குவது சுலபம்.

## அறிகுறி 5: எண் உறைந்துவிட்டது

480 நாட் வேகத்தில் இலக்கை நோக்கி நேராகப் பறந்தால் 7.5 விநாடிக்கு ஒரு கடல் மைல் குறைய வேண்டும். பத்து விநாடி பார்த்தும் எண் அசையவில்லை என்றால்:

நீங்கள் இலக்கைச் சுற்றி வட்டமடிக்கிறீர்களா? அப்படியானால் எண் மாறாமல் இருப்பதுதான் சரி.

டிஜிபி தரையைப் பிடித்திருக்கிறதா? எஃப்-16-இல் 'எஸ்பி', அதாவது ஸ்னோப்ளோ நிலையில், டிஜிபி விமானத்துக்கு முன்னே ஓரிடத்தைப் பார்த்தபடி விமானத்துடனேயே நகரும். தரை ஓடிக்கொண்டே இருக்கும், எண் நிற்கும். டிஎம்எஸ் மேலே தள்ளித் தரையைப் பிடிக்கச் செய்யுங்கள். ஹார்னெட்டில் இலக்கை டெசிக்னேட் செய்யாமல், அதாவது இதுதான் இலக்கு என்று குறிக்காமல் விட்டாலும் டிஜிபி முன்னோக்கியே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் கட்டுப்பாடு ஃப்ளிர் திரைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்; திரையின் வல மேல்மூலையில் வைரக்குறி நிற்க வேண்டும். பிறகு டிடிசியை (த்ராட்டிலில் குறியை நகர்த்தும் பட்டன்) அழுத்துங்கள்.

இல்லை, படம் ஓடவே இல்லை, எண்ணும் நிற்கிறது என்றால், நீங்கள் படிப்பது டிஜிபியின் எண்தானா? ஹட்டில் நிற்கும் ஸ்டியர்பாயிண்ட் தூரத்தை டிஜிபி தூரமாக நினைப்பது சகஜம். டிஜிபியைச் சற்று நகர்த்துங்கள். அதனுடன் சேர்ந்து மாறும் எண் எதுவோ, அதைப் படியுங்கள்.

## அறிகுறி 6: எண் சரி, குண்டு தப்பு

இது தூரத்தின் பிழை இல்லை. லேசர் குறியீட்டைப் பாருங்கள். தூரம் அளக்கக் குறியீடு தேவையில்லை, குண்டு பின்தொடரத் தேவை. டிசிஎஸ்ஸில் இயல்பாக 1688. குண்டின் குறியீடும் டிஜிபியின் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். எஃப்-16-இல் ஐசிபியில் லிஸ்ட், 0, 5 என்று போனால் லேசர் பக்கம் வரும். அங்கே குறியீட்டுடன், குண்டு விழச் சில விநாடி முன் லேசர் தானாகச் சுடத் தொடங்கும் நேரமும் இருக்கும். இயல்பான அளவு 8 விநாடி. ஹார்னெட்டில் ஃப்ளிர் பக்கம் திறந்திருக்கும்போது யுஎஃப்சியில் (ஹட்டுக்குக் கீழே உள்ள பட்டன் பலகை) 'எல்டிடிசி' என்ற தேர்வில் குறியீட்டை மாற்றலாம்.

எஃப்-16-இன் அதே லேசர் பக்கத்தில் 'சிஎம்பிடி', 'டிஆர்என்ஜி' என்று இரண்டு நிலைகள் உண்டு. பின்னது பயிற்சிக்கானது. குண்டு போடும் முன் முன்னதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 7: எண்ணைப் படிக்கவே முடியவில்லை

அமைப்புகளில் காக்பிட் திரைகளின் துல்லியம் 256-இல் இருந்தால் 8-ம் 6-ம் ஒன்றாகத் தெரியும். 512-க்கு மாற்றிப் பாருங்கள். கணினி தாங்கினால் 1024. 'ஒவ்வொரு ஃப்ரேமும்' என்ற தேர்வு ஃப்ரேம் வேகத்தைக் கடித்துத் தின்னும், எண் படிக்க அது தேவையில்லை. எஃப்-16 திரையின் மூலைகளில் உள்ள 'எஸ்ஒய்எம்' பட்டன் எழுத்தின் வெளிச்சத்தையும், 'சிஓஎன்' படத்தின் மாறுபாட்டையும் மாற்றும். வெளிறிய பாலைவனத்தின் மேல் வெள்ளை எண்ணைப் படிக்க முயல்வதைவிட, படத்தைச் சூடு கறுப்பாகத் தெரியும் நிலைக்கு மாற்றுவது கைகொடுக்கும்.

## இதற்கு மேல் யாரிடம் போவது

சோதனை மிஷனில், வெறும் விசைப்பலகையில், மேலே சொன்ன வரிசைப்படி செய்தும் பிழை நின்றால் காரணம் காக்பிட்டுக்கு வெளியே இருக்கிறது. இந்த வரிசையில் போங்கள்.

முதலில் அமைப்புகளில் 'ராண்டம் சிஸ்டம் ஃபெயிலியர்ஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் டிஜிபி உண்மையாகவே பழுதாகியிருக்கலாம். பிறகு அதிகாரபூர்வமற்ற மோடுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள். அதன்பின் சேவ்டு கேம்ஸில் உள்ள டிசிஎஸ் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள்; புதிய, சுத்தமான கோப்புறை உருவாகும். பழையதை அழிக்காதீர்கள், உங்கள் பட்டன் ஒதுக்கீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதிலும் தீரவில்லையென்றால் கோப்புகளைப் பழுதுபாருங்கள். தனி நிறுவலில் டிசிஎஸ் அப்டேட்டரின் 'ரிப்பேர்', ஸ்டீமில் கோப்பு நேர்மைச் சோதனை. இதற்கு நேரம் ஆகும், அதனால்தான் இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறோம்.

விசைப்பலகையில் சுடுகிறது, ஜாய்ஸ்டிக்கில் சுடவில்லை என்றால், விண்டோஸின் விளையாட்டுக் கட்டுப்பாட்டுச் சோதனைத் திரையில் ட்ரிக்கரை அழுத்திப் பாருங்கள். அங்கே விளக்கு எரியாவிட்டாலோ, அழுத்திப் பிடிக்கும்போது விட்டுவிட்டு எரிந்தாலோ, உள்ளே இருக்கும் மைக்ரோசுவிட்ச் தேய்ந்திருக்கிறது. உத்தரவாதம் இருந்தால் திறக்காமல் அனுப்புங்கள். இல்லையென்றால் சால்டரிங் தெரிந்த மின்னணுப் பழுதுநீக்குநரிடம் கொடுங்கள்; சுவிட்ச் சின்ன விஷயம், கழற்றி மாட்டுவதுதான் வேலை. புது ஜாய்ஸ்டிக் வாங்குவது கடைசி. அதற்கு முன், லேசரை வேறு பட்டனுக்கு மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

விசைப்பலகையிலும் சுடவில்லை, சுத்தமான நிறுவலிலும் பிழை திரும்ப வருகிறது என்றால், மாட்யூல் உருவாக்கியவர்களின் பிழைப் பிரிவுக்கு எழுதுங்கள். நீளமாகக் கதை சொல்ல வேண்டாம். அவர்களுக்கு வேண்டியவை: பிழையை மட்டும் காட்டும் 5 நிமிடத்துக்குள்ளான ட்ராக் கோப்பு, அதாவது பறத்தலின் பதிவு (நீண்ட ட்ராக்குகள் திரும்ப ஓடும்போது தடம் மாறிவிடும்), லாக்ஸ் கோப்புறையிலிருந்து அதே ஓட்டத்தின் டிசிஎஸ் லாக், விளையாட்டின் பதிப்பு எண், விமானமும் டிஜிபி மாட்டிய இடமும். அதனுடன் நான்கு எண்கள்: இலக்குக்கு மேல் உயரம், எஃப்10 அளவுகோலில் தரைத்தூரம், லேசர் மின்னாதபோது திரையில் இருந்த எண், மின்னும்போது இருந்த எண்.